ஆணியை எந்த உயரத்துல அடிக்கணும்? – ஒரு வகுப்பறைச் சுவரின் கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க போர், ரயில், அணைக்கட்டுன்னு பெரிய பெரிய விஷயமா பேசுவோம். இன்னிக்கு ரொம்பச் சின்ன விஷயம். ஒரு தொடக்கப் பள்ளியோட வகுப்பறைச் சுவர். கையில காசு அதிகம் இல்லாதப்போ அந்தச் சுவரை எப்படி அழகாக்குறது? "இதுல என்னப்பா வரலாறு இருக்கு?"ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், ரெண்டாவது படிக்கிற ஒரு பொண்ணு என்கிட்ட ஒரு கேள்வி கேட்கிற வரைக்கும்.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை. ஆபீஸ்ல இருந்து 20 பேர் ஒரு வேன் பிடிச்சு, செங்கல்பட்டு தாண்டி ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். சமூக சேவை நாள். ஆளுக்கு ஒரு டீ-ஷர்ட், பெயின்ட் டப்பா, பிரஷ். சாயங்காலத்துக்குள்ள ஒரு வகுப்பறையை "மாத்திக் காட்டணும்". அதுதான் திட்டம்.

உள்ள போனா, சுவர்ல ரெண்டு ஆணிக்கு நடுவுல ஒரு கொடிக்கயிறு. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அதுல துணி கிளிப் போட்டு பழைய மாசக் காலண்டர் தாள்கள் தொங்குது. எல்லாம் பின்பக்கம் திருப்பி, கட்டம் போட்டு, கிரேயான்ல ஏதோ வரைஞ்சிருக்கு. ஓரம் எல்லாம் கிழிஞ்சு, காத்துல படபடன்னு அடிச்சிட்டு இருந்துச்சு. பெயின்ட் அடிக்கணும்ல? கயித்தை அவுத்தோம், ஆணியைப் பிடுங்கினோம், தாளை எல்லாம் சுருட்டி ஒரு சாக்குல போட்டோம். சாயங்காலம் 5 மணிக்குச் சுவர்ல ஒரு யானை, ஒரு வானவில், ஒரு ஆப்பிள் மரம். அந்த ஊர்ல ஆப்பிள் மரமே கிடையாதுங்கிறது எங்க 20 பேருக்கும் தோணல.

வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைங்கள்ல ஒருத்தி உள்ள வந்தா. யானையைப் பார்த்தா. அப்புறம் என்கிட்ட திரும்பிக் கேட்டா: "அண்ணா, என் மழை எங்க?"

எனக்குப் புரியல. டீச்சர்தான் மெதுவா சொன்னாங்க. அந்தக் காலண்டர் தாள் ஒரு வானிலைப் பட்டியல். தினமும் ஒரு பிள்ளை வெளியே போய் வானத்தைப் பார்த்துட்டு வந்து வெயில், மேகம், மழைன்னு வரையணும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்து வரைஞ்சது. மழை வரையுற பொறுப்பு இந்தப் பொண்ணோடது. சாக்கைத் தேடினோம். அது ஏற்கெனவே குப்பை வண்டியில போயிடுச்சு.

டீச்சர் கோபப்படல. "பரவாயில்ல தம்பி, கலர் நல்லா இருக்கு"ன்னாங்க. அந்த "பரவாயில்ல" என்னை வேன்ல தூங்க விடல. ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்துல, இது எதுக்குன்னு கேட்காமலே ஒரு ஃபைலை டெலீட் பண்ற ஜூனியர் மாதிரி இருந்துச்சு. அப்போதான் தேட ஆரம்பிச்சேன். வகுப்பறைச் சுவர்ல எதையாவது மாட்டணும்னு யாருக்கு முதல்ல தோணுச்சு? எதுக்காக?

படம் வேணும், ஆனா காசு?

கொஞ்சம் பின்னாடி போவோம். 17ஆம் நூற்றாண்டு. இன்னிக்குச் செக் நாடா இருக்கிற மொராவியாப் பகுதியில பிறந்த ஜான் ஆமோஸ் கொமேனியஸ். மத மோதல்ல நாட்டை விட்டே வெளியேற வேண்டி வந்த ஒரு பாதிரியார், ஆசிரியர். கல்வி பத்தி அவர் எழுதின பெரிய நூல்ல ஒரு விஷயம் சொல்றார்: பள்ளிக்கூடம் பார்க்கவே சந்தோஷமா இருக்கணும், அறை வெளிச்சமா சுத்தமா இருக்கணும், சுவர்ல படங்கள் இருக்கணும். பிரம்பு மட்டுமே பாடம் நடத்தின காலத்துல இது பெரிய பேச்சு. 1658ல அவர் 'ஓர்பிஸ் பிக்டஸ்'னு குழந்தைகளுக்குன்னே ஒரு படப் புத்தகம் கொண்டு வந்தார். ஐரோப்பா முழுக்கப் பல தலைமுறை அதைப் படிச்சுது.

ஆனா ஆசை வேற, விலை வேற. படம் அச்சடிக்க மரக்கட்டையில செதுக்கணும். தாள் விலை அதிகம். சாதாரண ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமே எட்டாதப்போ சுவருக்குப் படம் எங்க போறது? அதனால அடுத்த முக்கியமான யோசனை பணம் இருந்த இடத்துல இருந்து வரல. பணமே இல்லாத ஒரு இடத்துல இருந்து வந்துச்சு. நம்ம ஊர்த் திண்ணையில இருந்து.

பூஜ்யம் ரூபாய்: மணல்

திண்ணைப் பள்ளிக்கூடம் நமக்குத் தெரிஞ்சதுதான். 1820கள்ல மதராஸ் மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 1826ல அவர் எழுதின குறிப்புல மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள்னு சொல்றார். பெரும்பாலானது ஒரு வாத்தியாரும் ஒரு திண்ணையும்தான். இதை ரொம்பப் பெருமையாவும் பேசிட முடியாது. பெண் பிள்ளைகள் ரொம்பக் கம்மி, தலித் குழந்தைகளுக்கு அந்தத் திண்ணையில பெரும்பாலும் இடமில்லை. ஆனா ஒரு தொழில்நுட்பமா மட்டும் பார்த்தா, அங்க ஒரு விஷயம் பிரமாதம். எழுத்துப் பழக மணல். தரையில மணலைப் பரப்பு, விரலால எழுது, தப்பா? கையால தடவி விடு, மறுபடி எழுது. செலவே கிடையாது. எத்தனை தடவை வேணும்னாலும் அழிக்கலாம்.

இன்னொண்ணு சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாதப்போ மூத்த பையன் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

1789ல எழும்பூர்ல இருந்த ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அனாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பாளரா வந்தார். அங்க இருந்த ஆசிரியர்களோட அவருக்கு ஒத்துப் போகல. ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பிள்ளைங்க மணல்ல எழுதுறதைப் பார்த்தார். உடனே தன் இல்லத்துலயும் மணல் பலகையைக் கொண்டு வந்தார். அவர்கிட்ட வேலை பார்த்த ஆசிரியர்கள் "இதெல்லாம் சரிப்படாது"ன்னு முரண்டு பிடிச்சாங்க. பெல் என்ன பண்ணார்? ஜான் ஃபிரிஸ்கென்னு ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு"ன்னார். அவன் சொல்லிக் கொடுத்தான். வேலை செஞ்சுது.

1797ல பெல் லண்டன்ல இதைப் புத்தகமா போட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அந்த முறைக்கு 'மதராஸ் முறை'ன்னே பேர். எழும்பூர்ல இருந்து இங்கிலாந்து போய், அங்கிருந்து உலகம் சுத்தி வந்துச்சு. நாம வெளிநாட்டுல இருந்து கல்வி முறை வாங்கினதைத்தான் பேசுவோம். இது நம்ம தெருவுல இருந்து போனது.

ஒரு புத்தகம், சில ஆணிகள்

அதே காலத்துல லண்டன்ல ஜோசஃப் லங்காஸ்டர்னு ஒரு இளைஞர். 1798ல ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆரம்பிச்சார். கூட்டம் கூடி நூத்துக்கணக்குல போயிடுச்சு. ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்க வழியே இல்ல. அப்போ அவர் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு பையன் ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் படிக்கப் போறான். மீதிப் பக்கமெல்லாம் சும்மாதானே இருக்கு? அப்புறம் எதுக்கு ஆளுக்கு ஒரு முழுப் புத்தகம்?

ஒரே ஒரு புத்தகத்தைப் பெரிய எழுத்துல அச்சடிச்சு, பக்கம் பக்கமா பிரிச்சு, அட்டையில ஒட்டி, சுவர்ல ஆணி அடிச்சு மாட்டினார். ஒவ்வொரு அட்டைக்கு முன்னாலயும் பசங்க அரைவட்டமா நின்னு படிப்பாங்க. முடிஞ்சதும் அடுத்த குழு வரும். ஒரு புத்தகம் நூத்துக்கணக்கான பிள்ளைகளுக்குப் போதும். இன்னிக்கு நாம சுவர்ல மாட்டுற ஆத்திச்சூடி சார்ட், வாய்ப்பாடு சார்ட் எல்லாத்துக்கும் சொந்தக்காரர் இந்த அட்டை. அது அலங்காரம் இல்லை. புத்தகம் வாங்கக் காசில்லாத ஒரு வாத்தியாரோட விடை.

லங்காஸ்டரை மகான் ஆக்கவும் வேணாம். தப்பு பண்ற பையனைக் கூடையில போட்டுக் கூரையில தொங்கவிடுற தண்டனையும் அவர் முறையில உண்டு. அந்த வகுப்பறை ஒரு தொழிற்சாலை மாதிரிதான் இருந்துச்சு. சுவர் வேலை செஞ்சுது, உண்மை. ஆனா அதுல பேசினது பெரியவங்க மட்டும்தான். பிள்ளைங்க எழுதினது எதுவும் அந்தச் சுவருக்கு வரல.

சுவர்ல கிறுக்குற பசங்க

அதுக்கு இன்னொரு 100 வருஷம் ஆச்சு. ரோம் நகரம், சான் லொரென்சோ. ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. ஒரு நிறுவனம் அங்க இருந்த அடுக்குமாடிக் கட்டடங்களைப் புதுப்பிச்சு வாடகைக்கு விட்டுச்சு. பிரச்சினை என்னன்னா, அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா சின்னப் பசங்க நாள் முழுக்க மாடிப்படியில ஆட்டம் போட்டுப் புதுச் சுவரையெல்லாம் அசிங்கப்படுத்திடுறாங்க. சுவரைக் காப்பாத்த, பசங்களை ஒரு அறையில உட்கார வைக்க ஆள் தேடினாங்க. கிடைச்சவங்க ஒரு டாக்டர். மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6ஆம் தேதி 'குழந்தைகள் இல்லம்' திறந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. உலகத்தையே மாத்தின ஒரு பள்ளி, "சுவர்ல கிறுக்காதே"ங்கிற கவலையில பிறந்திருக்கு. மாண்டிசோரி அந்தச் சுவரை என்ன பண்ணாங்க? அறையைச் சுத்தித் தாழ்வா கரும்பலகை மாட்டினாங்க, இருக்கிறதுலயே குட்டிப் பிள்ளைக்கும் எட்டுற மாதிரி. கிறுக்கணுமா? இந்தா, இது உன் இடம். அதுக்கு மேல சில படங்கள், பார்த்துத் தேர்ந்தெடுத்து. ரஃபேல் வரைஞ்ச தாயும் சேயும் படத்தோட ஒரு பிரதியும் அதுல உண்டு. நாற்காலி, மேசை, அலமாரி எல்லாமே குழந்தை அளவு.

இந்த இடத்துலதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. லங்காஸ்டர் சுவருக்கும் மாண்டிசோரி சுவருக்கும் நடுவுல மாறினது விலை இல்லை, உயரமும் உரிமையும். இங்க பிள்ளை வாசகர் மட்டும் இல்ல, எழுதுறவரும்கூட.

அந்த மாண்டிசோரி 1939ல மெட்ராஸுக்கு வந்தாங்க, அடையாறு பிரம்மஞான சபையில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. அடுத்த வருஷம் இத்தாலி போர்ல இறங்க, அவங்க எதிரி நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு கொஞ்ச காலம் காவல்ல வச்சுது. 1946 வரைக்கும் இந்தியாவுலதான் இருந்தாங்க, அதுல கொஞ்ச வருஷம் கொடைக்கானல்ல. குழந்தை உயரத்துக் கரும்பலகைங்கிற யோசனை அப்பவே நம்ம ஊரை எட்டிடுச்சு. ஆனா அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர இன்னும் ரொம்ப நாள் பிடிச்சுது.

ஒரு பீரங்கி வண்டியை வித்த காசு

இத்தாலியிலயே இன்னொரு கதை. இது 1945. போர் முடிஞ்ச கையோட ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்துல வில்லா செல்லான்னு ஒரு கிராமம். ஜெர்மன் படை விட்டுட்டுப் போன ஒரு டாங்கி, சில லாரிகள், சில குதிரைகள் ஊர்க்காரங்க கையில கிடைச்சுது. அதை வித்து என்ன பண்ணலாம்? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டலாம்னு முடிவு பண்ணாங்க. குண்டு விழுந்த வீடுகள்ல இருந்து செங்கல், ஆத்துல இருந்து மணல். ஊரே சேர்ந்து கட்டுச்சு. விஷயம் கேள்விப்பட்டு சைக்கிள்ல பார்க்க வந்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி அங்கேயே ஒட்டிக்கிட்டார்.

அந்த ஊர்ப் பள்ளிகள்ல பின்னாடி வளர்ந்த ஒரு கருத்து, இடமும் ஒரு ஆசிரியர்ங்கிறது. சுவர்ல அவங்க மாட்டுறது குழந்தைகளோட வேலை. ஓவியம், பக்கத்துலயே அதை வரையும்போது அந்தக் குழந்தை சொன்ன வார்த்தைகள். கடையில வாங்கின பொம்மைப் படத்தை விட இதுக்குச் செலவு குறைவு. ஆனா ஒரு நிபந்தனை. யாராவது பக்கத்துல உட்கார்ந்து குழந்தை சொல்றதைக் கேட்டிருக்கணும்.

கோவை இலையும் கம்பிப் பந்தலும்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். எங்க அப்பா படிச்ச பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வேலை இருக்குமாம். கோவை இலையைப் பறிச்சு, அடுப்புக்கரியோட சேர்த்து அரைச்சு, கரும்பலகையில தேய்க்கணும். திங்கட்கிழமை பலகை புதுசு மாதிரி இருக்கும். இதைச் சொல்லும்போது அப்பா முகத்துல ஒரு பெருமை வரும். அந்தப் பலகை அவங்களோடது, அவங்க கையால கறுத்தது.

ஆனா அந்தப் பலகைகூட இல்லாத பள்ளிகள் நாட்டுல ஏராளமா இருந்துச்சு. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஒரு திட்டத்துக்குப் பேரே 'கரும்பலகைத் திட்டம்'. குறைஞ்சது ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர், கொஞ்சம் கற்பிக்கிற பொருள், இதுதான் இலக்கு. சுதந்திரம் கிடைச்சு 40 வருஷம் கழிச்சு அதுதான் இலக்கு.

2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஒரு சோதனை தொடங்குச்சு. அப்போ ஆணையரா இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவுல ரிஷிவேலியில கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கின அட்டை முறையைப் பார்த்துட்டு, முதல்ல 13 பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலைக் கொண்டு வந்தாங்க. 2007ல அது தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. என் வயசுக்காரங்கள்ல அரசுப் பள்ளியில படிச்ச சிலருக்கு, இல்லைன்னா அவங்க தம்பி தங்கச்சிகளுக்கு, இது ஞாபகம் இருக்கும்.

அந்த வகுப்பறை எப்படி இருந்துச்சு? பெஞ்சு இல்ல, பாய். சுவரோட கீழ்ப்பகுதி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிச்சு கரும்பலகை ஆக்கினாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒரு பங்கு. நாம எந்தப் படியில இருக்கோம்னு பிள்ளையே பார்த்துக்கிற ஏணி அட்டவணை. தன் வருகையைத் தானே குறிக்கிற பட்டியல். வானிலைப் பட்டியல். அப்புறம் தலைக்கு மேல கம்பிப் பந்தல். அறையின் குறுக்கே கம்பி இழுத்து, பிள்ளைங்க வரைஞ்சதை எல்லாம் அதுல தொங்கவிட்டாங்க. பேரைப் பாருங்க, பந்தல்! கல்யாண வீட்டுல இருந்து எடுத்த வார்த்தை.

குறையே இல்லாத முறைன்னு சொல்ல மாட்டேன். பல வகுப்புப் பிள்ளைங்களை ஒரே அறையில வச்சு, இத்தனை அட்டைகளைச் சமாளிக்கிற ஆசிரியருக்கு வேலை பெண்டு நிமிர்ந்துடும். முறையும் பின்னாடி பல தடவை மாறிடுச்சு, 2022ல 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு. ஆனா சுவரோட கீழ்ப்பாதி பிள்ளைகளுக்குங்கிற அந்த முடிவு பல பள்ளிகள்ல அப்படியே தங்கிடுச்சு. எங்க கண்ணுல பட்ட அந்தக் கொடிக்கயிறு, காலண்டர் தாள், இடுப்பு உயரத்து ஆணி எல்லாம் சும்மா வந்தது இல்ல. எழும்பூர் மணல்ல இருந்தும் ரோம் சுவர்ல இருந்தும் வந்து சேர்ந்தது. அதைத்தான் நாங்க சாக்குல போட்டோம்.

அதே காலகட்டத்துல வடக்கே இன்னொரு யோசனை வளர்ந்துட்டு இருந்துச்சு. கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயியும் அவரோட வின்யாஸ் குழுவும் கேட்ட கேள்வி: தனியா எதுக்கு உபகரணம் வாங்கணும், கட்டடமே பாடம் நடத்தட்டுமே? கதவு திறக்கிற இடத்துல தரையில கோணமானி வரைஞ்சுடு. கதவைத் திறந்தா 30 டிகிரி, 60, 90. ஜன்னல் கம்பியில எழுத்து வளைவுகள், விரலால தடவிப் பார்க்கலாம். படிக்கட்டுல எண்கள். 'பாலா'ன்னு சுருக்கமா சொல்ற இந்த முறை பல மாநிலப் பள்ளிகளுக்குப் போயிருக்கு. ஒரு டப்பா பெயின்ட், ஒரு நூல், ஒரு ஆணி இருந்தா கோணமானி ரெடி.

அதிகமானா என்ன ஆகும்?

"சரி, எல்லாத்தையும் மாட்டிடலாமே, சுவர் முழுக்க நிரப்பிடலாமே"ன்னு தோணும். இங்கதான் ஒரு பிரேக். 2014ல அமெரிக்காவுல கார்னெகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். 6 அறிவியல் பாடங்கள். சில பாடம் சுவர் முழுக்க போஸ்டர் நிறைஞ்ச அறையில, சில பாடம் வெறும் சுவர் இருக்கிற அறையில. நிறைஞ்ச அறையில பிள்ளைகளோட கவனம் பாடத்தை விட்டு வெளியே போன நேரம் 38.6 சதவீதம். வெறும் அறையில 28.4. பரீட்சையில சரியான விடை, நிறைஞ்ச அறையில 42 சதவீதம், வெறும் அறையில 55.

24 பேரை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களும் எல்லாத்தையும் கழட்டிப் போடுங்கன்னு சொல்லல. 2015ல இங்கிலாந்துல சால்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 27 பள்ளிகள்ல 153 வகுப்பறைகளைப் பார்த்துச்சு. அவங்க சொன்னது, ரொம்ப வெறுமையும் உதவாது, ரொம்ப நெரிசலும் உதவாது, நடுவுல இருக்கிறதுதான் நல்லது. நம்ம பாட்டிங்க சொல்ற "அளவுக்கு மிஞ்சினா" கதைதான்.

எங்க யானை, வானவில், ஆப்பிள் மரம்? 8 அடி உயரம், 12 அடி அகலம். அதை மாத்த முடியாது, அழிக்க முடியாது, பிள்ளைங்க அதுல ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. 5 வருஷத்துக்கு அதே யானை.

திரும்பிப் போனோம்

அக்டோபர்ல நான், கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனோம். டி-ஷர்ட் இல்ல, பேனர் இல்ல. முன்னாடியே போன் பண்ணி, "டீச்சர், என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டோம். போன தடவை கேட்காத கேள்வி. டீச்சர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தம்பி, கீழ கொஞ்சம் கறுப்பு அடிச்சுக் கொடுங்க, போதும்"ன்னாங்க.

அன்னிக்குப் பண்ணதைச் சொல்றேன். உங்க ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறவங்க குறிச்சுக்கோங்க.

சுவரோட கீழ் 3 அடிக்குக் கரும்பலகை பெயின்ட். யானையோட கால் போச்சு, யாரும் வருத்தப்படல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு பிரிச்சுக் கோடு போட்டோம். தன் பங்குக்கு மேல பேர் எழுதினது பிள்ளைங்களே.

கதவுக்குக் கீழ கோணமானி. நூல்ல ஒரு முனையைக் கதவு மூலையில பிடிச்சுச் சுத்தினா வட்டம் தானா வந்துடும். நாலாவது படிக்கிற பசங்கதான் டிகிரி எழுதினாங்க.

கல்யாணப் பத்திரிகை. எல்லா வீட்டுலயும் கட்டு கட்டா கிடக்கும், தூக்கிப் போட மனசு வராது. கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. வெட்டினா எழுத்து அட்டை. முன்னால இருக்கிற பிள்ளையார் படத்தை எண்ணவும் சொல்லலாம்.

சோடா மூடி, புளியங்கொட்டை, பாட்டில் மூடி. கலர் கலரா பிரிச்சுப் பழைய தயிர் டப்பாவுல போட்டு ஜன்னல் மேடையில வச்சோம். பார்க்க அழகு, எடுத்தா கணக்கு.

ஒரு வரைபடம், ஆனா உலக வரைபடம் இல்ல. அவங்க ஊரோடது. ஏரி, கோயில், ரேஷன் கடை, தண்ணி டேங்க், ஒவ்வொருத்தர் வீடு. பழைய பேனரோட பின்பக்கத்துல பிள்ளைங்க சொல்லச் சொல்ல வரைஞ்சது. ரெண்டு பிள்ளைங்களுக்கு நடுவுல "ஏரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்"னு சண்டை. எல்லாரும் வெளியே போய்ப் பார்த்துட்டு வந்து திருத்தினோம்.

கடைசியா கொடிக்கயிறு. பெயின்ட், கயிறு, கிளிப் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 900 ரூபாய்க்குள்ள. ஆகஸ்ட்ல வேன் வாடகையே அதை விடப் பல மடங்கு.

ஆணி அடிக்கப் போனப்போ சுத்தியலைப் பிடிச்சிட்டு நான் வழக்கம் போல என் தோள் உயரத்துல வச்சேன். பின்னால இருந்து ஒரு குரல், "அண்ணா, அங்க எனக்கு எட்டாது." அதே பொண்ணு. "சரி, நீயே காட்டு"ன்னேன். சுவரோட ஒட்டி நின்னு, கையை நேரா நீட்டி, விரல் வச்சுக் காட்டினா. அங்க அடிச்சேன்.

புதுக் காலண்டர் தாள் மாட்டினதும் டீச்சர் ஜூன்ல இருந்து ஞாபகம் இருக்கிறதை வரையலாமான்னு கேட்டாங்க. அவ வேண்டாம்னுட்டா. "பார்க்காம எப்படி டீச்சர் வரையுறது?" அப்புறம் வெளியே போய் வானத்தைப் பார்த்துட்டு வந்து, முதல் கட்டத்துல ஒரு மேகம் மட்டும் போட்டா. சாயங்காலம் நாங்க பஸ் ஏறும்போது தூறல் ஆரம்பிச்சுது. திங்கட்கிழமை அந்தக் கட்டத்துல மழை சேர்ந்திருக்கும்.

உங்க பக்கத்துல இருக்கிற பள்ளிக்குப் போறீங்கன்னா, பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி சுவர்ல ஏற்கெனவே என்ன தொங்குதுன்னு ஒரு தடவை பாருங்க. அது யாரோடதுன்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.